மனை எண் ஏழின் எதிர் ஓட்டு

"ஒரு நயா பைசா தர மாட்டேன்!" என்று பத்திர எழுத்தர் வேதகிரி சபதம் போட்டபோது, அவர் தலையில் பதினோராவது செம்புத் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

எண்பத்து மூன்றாம் வருஷத்துச் சித்திரை மாதம். ஏரியில் மாடு மேய்ந்தது. உத்திரமேரூரில் பாதிக் கிணறுகளில் கயிறு முழுக்க விட்டாலும் வாளி நனையாமல் மேலே வந்தது. அந்தக் காலத்திலும் வேதகிரி தினம் இரண்டு குடம் தண்ணீரில் சாங்கோபாங்கமாகக் குளித்தார். எவன் பத்திரம் கொண்டுவந்தாலும் மூலப்பத்திரம் எங்கே, அதற்கு முந்திய பத்திரம் எங்கே என்று மூன்று தலைமுறை தோண்டுகிற மனுஷர், அந்த இரண்டு குடமும் எங்கிருந்து வருகிறது என்று மட்டும் ஒருநாளும் விசாரித்ததில்லை.

சபதத்துக்குக் காரணம் ஒரு சீட்டு. வைரமேகன் நகர் வீட்டு உரிமையாளர் சங்கம் அனுப்பிய சீட்டு. நகர் என்றால் பெரிதாக நினைத்துவிடக் கூடாது. ஊருக்கு வெளியே கம்பங்கொல்லையாக இருந்ததை மனை பிரித்துக் கட்டிய இருபத்து மூன்று வீடுகள். நடுவில் ஒரு பொதுக் கிணறு. அதில் தண்ணீர் உண்டு, ஆனால் அறுபதடிக்குக் கீழே, கையால் இறைக்க முடியாது. மோட்டார் வைத்து, மேல்தொட்டி கட்டி, தெருவுக்குத் தெரு குழாய் போட வீடு ஒன்றுக்கு இருநூறு ரூபாய் சிறப்பு வசூல், மாதக் கடைசிக்குள் கட்ட வேண்டியது என்று சீட்டில் கண்டிருந்தது. கீழே செயலாளர் பாண்டுரங்கன் கையெழுத்து.

"இன்னாங்க, குளிச்சிக்கினே கத்துறீங்க? சோப்பு வாய்க்குள்ள பூடும்" என்றாள் அடுக்களையிலிருந்து உண்ணாமலை.

"கத்தாம இன்னா பண்றது? யாரைக் கேட்டு வசூல் போட்டான் அந்தப் பாண்டுரங்கன்?"

"மோட்டார் வந்தா நல்லதுதானே?"

"நல்லது கெட்டது பேச்சே இல்ல உண்ணாமல. இது உரிமை! பைலா பதினாலாவது பிரிவு இன்னா சொல்லுது? சிறப்பு வசூல்னா பொதுக்குழு கூட்டணும். பதினஞ்சு நாள் முன்னாடி எழுத்துல நோட்டீஸ் தரணும். மதிப்பீட்ட எல்லாருக்கும் காட்டணும். மூணுல ரெண்டு பங்கு ஓட்டு வாங்கணும். நாலு பேரு டீக்கடையில குந்திக்கினு சீட்டுக் கிழிச்சா, அது சங்கமா, சந்தையா?"

"பதினாலாவது பிரிவு யாரு எழுதுனது?"

"நான்தான்!"

"அப்ப சரியாத்தான் இருக்கும்."

பெண்டாட்டி இவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டால் விவரமுள்ள புருஷன் கொஞ்சம் யோசிப்பான். வேதகிரி இன்னொரு செம்பு ஊற்றிக்கொண்டார்.

அவர் சொன்னது உண்மைதான். சங்கத்தைப் பதிவு செய்தபோது பைலா முழுவதையும், அதாவது சங்கத்து விதிகள் அத்தனையையும், எழுதியவர் அவர். கூலி வாங்கவில்லை. பதிலுக்கு ஊரில் யார் வீட்டில் எது நடந்தாலும், "எதுக்கும் வேதகிரிய ஒரு வார்த்த கேட்டுக்கோ" என்று சொல்வார்கள் அல்லவா, அது போதும் அவருக்கு. அந்த ஒரு வார்த்தையைக் கேட்காமல் வசூல் போட்டார்களே என்பதுதான் அவருடைய வயிற்றெரிச்சல். இருநூறு ரூபாய் சும்மா சாக்கு.

பைலா மட்டுமா? அந்த நகரில் இருபத்து மூன்று கிரயப் பத்திரத்தையும் எழுதியவர் அவரேதான். எழுதினதோடு யோசனையும் சொன்னார். இந்தப் பக்கத்து ஆம்பிளைகளுக்கு ஒரு பழக்கம். விதைக் கடனோ தறிக் கடனோ, எவன் வந்து நின்றாலும் "ஜாமீன்தானே, போட்டாப் போச்சு" என்று கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். கடன் வாங்கினவன் கை விரித்தால் ஜாமீன் போட்டவன் வீட்டுக்கு ஜப்தி வரும். அதனால் வேதகிரி ஒவ்வொருவரிடமும் குரலைத் தாழ்த்திச் சொல்வார்: "வூட்ட சம்சாரம் பேர்ல எழுது. ஒருத்தனும் கை வைக்க முடியாது." இருபத்து மூன்று மனையில் பத்தொன்பது அப்படித்தான் எழுதப்பட்டன. அவருடைய ஏழாம் மனையும் அதில் ஒன்று. பேர் பத்திரத்தில் அவளுடையது, வீடு நம்முடையது என்பது அவர் கணக்கு.

தினமும் சாயங்காலம் மறுநாள் எழுதவேண்டிய நகலை அவர் உரக்கப் படித்துப் பார்ப்பார். உண்ணாமலை அரிவாள்மணையில் கத்தரிக்காய் நறுக்கியபடி கேட்டுக்கொண்டிருப்பாள். இருபது வருஷம். "சர்வ சுதந்திர பாத்தியமாய், புத்திர பௌத்திர பாரம்பரியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது" என்று அவர் மூச்சு வாங்கும் இடம்கூட அவளுக்குத் தெரியும். கேட்கிறாளா இல்லையா என்று அவர் திரும்பிப் பார்த்ததில்லை.

அன்றே ஆட்சேபணை மனு தயாரானது. மூன்று பக்கம். "மேற்படி சங்கம், மேற்படி வசூலை, மேற்படி பிரிவுக்கு மாறாக" என்று பதினேழு மேற்படி. பாண்டுரங்கன் பட்டு நெசவாளர் சொசைட்டியில் மேற்பார்வையாளர். நிதானமான ஆள். மூன்று பக்கத்தையும் நின்றபடியே படித்தார்.

"நீங்க சொல்றது நாயந்தான் வேதகிரி. அவசரத்துல சீட்டு அடிச்சிட்டோம். பொதுக்குழு கூட்டிடறேன்."

சண்டைக்கு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போன வேதகிரிக்குச் சப்பென்று ஆகிவிட்டது. "ஒயுங்கா நோட்டீஸ் தரணும்" என்றார்.

"தர்றேன். ஆனா என்கிட்ட கீற பைலா காப்பிய கரையான் தின்னுட்ச்சு. உங்க காப்பி ஒருநாள் கிடைக்குமா?"

"வூட்டுல போய்க் கேளு. உண்ணாமல எடுத்துத் தருவா."

உண்ணாமலை எடுத்துத் தந்தாள். தரும்போது ஒரு பக்கத்தில் துடைப்பத்திலிருந்து உருவின ஈர்க்குச்சி ஒன்றை அடையாளம் வைத்துத் தந்தாள். பாண்டுரங்கன் அந்தப் பக்கத்தை வாசலிலேயே படித்துப் பார்த்து, அவளை நிமிர்ந்து பார்த்து, பைலாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பினார்.

மூன்றாம் நாள் வேதகிரி கேட்டார். "நோட்டீஸ் வந்துச்சா?"

"வந்துச்சு. கையெயுத்துப் போட்டு வாங்கி வச்சிட்டேன்."

"பாத்தியா! கேட்டாத்தான் கிடைக்கும் உரிமை."

"ஆமாங்க. கேட்டாத்தான் கிடைக்கும்" என்றாள் அவளும்.

நோட்டீஸ் யார் பேருக்கு வந்தது என்று அவர் கேட்கவில்லை. மேசை இழுப்பறையில் கிடந்த அதை எடுத்துப் பார்க்கவும் இல்லை.

பதினைந்து நாளும் வேதகிரி ஓட்டுச் சேகரித்தார். இருபத்து மூன்றில் எட்டு ஓட்டு எதிராக விழுந்தால் மூன்றில் இரண்டு பங்கு கிடைக்காது. தீர்மானம் படுத்துவிடும். வீடு வீடாகப் போனார். "இன்னிக்கு மோட்டாரு. நாளைக்கு நுழைவாயில்ல வளைவு வைப்பான். அப்புறம் வளைவுக்கு லைட்டு போடுவான். நம்மளக் கேக்காத கை வைக்க உட்டுட்டா, அப்புறம் உரலுக்குள்ள தலையக் குடுத்த கததான்" என்றார்.

அரிசி ஆலை ஃபிட்டர் கன்னியப்பன் முதல் ஆளாகத் தலையாட்டினான். "எங்க வூட்டுக்காரிக்குக் காலு கல்லாட்டம் கீது அண்ணே. ரோட்டுப் பம்பு அர மைலுதானே. நடந்தா ஒடம்புக்கு நல்லது."

"அவங்க உடம்புக்கு" என்று ஆமோதித்தார் வேதகிரி.

ஆனந்தன் மட்டும் தயங்கினான். அவன் பாண்டுரங்கன் கீழ் வேலை பார்ப்பவன். "கை தூக்கச் சொன்னா பேஜாரா பூடும் அண்ணே. அவரு மூஞ்சிய நான் தினம் பாக்கணும்."

அப்போதுதான் வேதகிரிக்கு அந்த யோசனை பிறந்தது. உத்திரமேரூர்க்காரன் எவனுக்கும் பிறக்க வேண்டிய யோசனைதான். ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே பேர் எழுதிய ஓலையைக் குடத்தில் போட்டுக் குலுக்கிய ஊர் என்று கோயில் சுவரில் கல்வெட்டே இருக்கிறது. உள்ளூர்க்காரர் யாரும் அதை ஒரு வரி படித்ததில்லை. ஆனால் வெளியூர்க்காரன் வந்தால் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டாமல் விடமாட்டார்கள். வேதகிரி இரண்டாவது மனு எழுதினார். வாக்கெடுப்பு ரகசியமாகக் குடத்தில் நடக்க வேண்டியது, சீட்டில் பேர் கூடாது, சரி என்றால் வட்டம், வேண்டாம் என்றால் பெருக்கல் குறி, எண்ணி முடித்ததும் யார் எழுத்து என்று யாரும் ஆராயாதபடி சீட்டுகளைக் கொளுத்திவிட வேண்டியது. பாண்டுரங்கன் இதற்கும் சரி என்றார்.

"குடம் யாரு தர்றது?" என்று கேட்டாள் உண்ணாமலை.

"நம்ம வூட்டு பித்தளக் குடந்தான். சரித்திரத்துல நிக்கட்டும்."

அவள் அதைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. கிணற்றடி வேப்பமரத்துக்குக் கீழே சுற்றிலும் கயிறு கட்டி, உள்ளே நாற்காலி போட்டிருந்தார்கள். ஆம்பிளைகள் முன்னாலேயே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். வேதகிரி முதல் வரிசையில், சலவை வேட்டி, சட்டைப்பையில் இரண்டு பேனா. தன்னையும் சேர்த்துத் தன் பக்கத்து எட்டு தலையை எண்ணினார். எட்டும் இருந்தது. அவருக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. அப்போது தெருக்கோடியிலிருந்து பெண்டுகள் வரிசையாக வந்து கயிற்றுக்கு வெளியே நின்றார்கள்.

"இவங்க எதுக்கு?" என்றார் வேதகிரி.

"வேடிக்க பாக்க வந்திருப்பாங்க" என்றான் கன்னியப்பன்.

பாண்டுரங்கன் பைலாவைத் திறந்தார். ஓர் ஈர்க்குச்சி கீழே விழுந்தது. தொண்டையைக் கனைத்துக்கொண்டு படித்தார்:

"பிரிவு நாலு. எவர் பேரில் கிரயப் பத்திரம் உள்ளதோ அவரே சங்கத்தின் உறுப்பினர். அவர் நேரில் வந்து ஓட்டளிக்க வேண்டியது. அவருக்குப் பதிலாகக் கணவனோ, மகனோ, மருமகனோ, வேறு எவரோ கூட்டத்தில் உட்காரவோ, பேசவோ, ஓட்டளிக்கவோ யாதொரு பாத்தியமும் இல்லை."

வேதகிரிக்கு அந்தப் பிரிவு நன்றாக ஞாபகம் இருந்தது. முதல் கூட்டத்தில், நகரில் மனை வைத்திருந்த தாயாரம்மாளின் மருமகன் காஞ்சிபுரத்திலிருந்து வந்து உட்கார்ந்து சட்டம் பேசினான். அவன் வாயை அடைக்க எழுதியது. "கணவனோ" என்பதை அவர் ஓசைக்காகச் சேர்த்தார். பத்திர எழுத்தருக்கு ஒரு சொல் எழுதினால் கை நிற்காது.

"மனை எண் ஒன்னு. கஸ்தூரி" என்று கூப்பிட்டார் பாண்டுரங்கன். கன்னியப்பன் சம்சாரம் கயிற்றைத் தாண்டி உள்ளே வந்து நாற்காலி அருகே நின்றாள். கன்னியப்பன் கொஞ்ச நேரம் அவளைப் பார்த்தான். பிறகு எழுந்து வெளியே போனான். கஸ்தூரி உட்கார்ந்தாள்.

இப்படியே இரண்டு, மூன்று, நாலு. ஆம்பிளைகள் ஒவ்வொருவராக எழுந்து போக, நாற்காலிகளில் புடவை நிரம்பியது.

"மனை எண் ஏயு. உண்ணாமலை."

"ஆட்சேபண!" என்று துள்ளி எழுந்தார் வேதகிரி.

பாண்டுரங்கன் நிதானமாகக் கேட்டார். "மனை எண் ஏயுக்கு ஆட்சேபண ஏதாவது கீதாம்மா?"

"இல்லீங்க" என்றாள் உண்ணாமலை.

"யோவ் பாண்டுரங்கா! அது சும்மா பத்திரத்துக்குப் போட்ட பேருய்யா!"

பாண்டுரங்கன் பைலாவை மூடினார். "சும்மா போட்ட பேருன்னு எழுதுன நீங்களே சொன்னா எப்படி வேதகிரி? இந்தத் தாலுகாவுல பாதிப் பேரு உங்க பத்திரத்த நம்பித்தான் தூங்கறாங்க. அப்ப அதெல்லாம் சும்மாவா? சொல்லுங்க, மினிட் நோட்டுல எழுதிக்கறேன்."

வேதகிரி சுற்றிலும் பார்த்தார். அவரிடம் பத்திரம் எழுதிய அத்தனை குடும்பமும் அங்கே நின்றது. ஆமாம் என்றால் நாளைக்குக் காலையில் அவர் பேனாவுக்கு மூடி போட்டுவிட வேண்டியதுதான். இருபது வருஷத்துப் பேர் அந்த ஒரு சொல்லில் தொங்கியது. அவருக்கு நிஜமாகவே பயம் வந்துவிட்டது.

"சும்மா இல்ல. செல்லும்" என்று முனகிவிட்டு எழுந்தார்.

போகிற போக்கில் உண்ணாமலை காதில் குனிந்தார். "பெருக்கல் குறி. தெரியுதா? எதிரா போடு. மானம் போவுது."

"நீங்க சொல்லி நான் என்னிக்கு மீறிக்கீறேன்?" என்றாள் அவள், நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையைச் சரி செய்தபடி.

எல்லாரையும் கூப்பிட்டு முடித்தபோது, கயிற்றுக்கு அப்பால் அவர் கூட்டாளிகள் ஏழு பேரும் கயிற்றின் மேலே எக்கி அவரவர் சம்சாரத்தின் காதில் அதையே ஓதிக்கொண்டிருந்தார்கள்.

பித்தளைக் குடம் வரிசையாகப் போய்த் திரும்பியது. தாயாரம்மாள் ஒவ்வொரு சீட்டாக எடுத்துப் பிரித்தாள். வட்டம். வட்டம். வட்டம். பெருக்கல். வட்டம். கடைசியில் பாண்டுரங்கன் அறிவித்தார். தீர்மானத்துக்கு ஆதரவு இருபத்திரண்டு. எதிர்ப்பு ஒன்று. விதிப்படி சீட்டுகள் அங்கேயே கொளுத்தப்பட்டன. வேதகிரி அந்தப் புகையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இன்னொரு தீர்மானம் கீதுங்க" என்று உண்ணாமலை எழுந்தாள். "மோட்டார் வந்து தண்ணி ஏற ரெண்டு மாசம் ஆவும். அதுவரைக்கும் ரோட்டுப் பம்புலேர்ந்து தண்ணி கொண்டாற வேல, வூட்டுக்கு உரிமக்காரங்களா இல்லாத பெரிய ஆம்பளைங்களோடது."

மற்றப் பதினெட்டுப் பெண்டுகளின் கையும் ஒரே சமயத்தில் மேலே போனது.

"இதுக்கு நோட்டீஸ் தரல!" என்று கயிற்றுக்கு வெளியேயிருந்து கத்தினார் வேதகிரி. "எனக்கு ஒரு தாள் தரல!"

உண்ணாமலை திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை. "பதினஞ்சு நாளு சிறப்பு வசூலுக்குத்தாங்க. சாதா தீர்மானத்துக்குக் கை தூக்குனா போதும், பதினஞ்சாவது பிரிவு. அப்படியே நோட்டீஸ் தந்தாலும் அது வூட்டுக்காரங்களுக்கு. கூட இருக்கறவங்களுக்கு எதுக்கு?"

வீட்டுக்கு வந்ததும் வேதகிரி சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டாமல் வீசினார். "இருபத்திரெண்டு! எல்லாம் சேந்து என் கழுத்த அறுத்துட்டீங்களே!"

உண்ணாமலை தட்டில் சோற்றைப் போட்டுக் கத்தரிக்காய்க் குழம்பை ஊற்றினாள். "அந்த ஒன்னு?"

"எந்த ஒன்னு?"

"எதிர்ல ஒரு ஓட்டு விழுந்துச்சே. அது யாரு போட்டதுன்னு நெனைக்கறீங்க? நீங்க சொல்லி நான் மீறுவேனா?"

வேதகிரி எடுத்த கவளத்தை அப்படியே வைத்துவிட்டார். ஊரே ஒரு பக்கம் சாய, இவள் ஒருத்தி புருஷன் சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டுத் தனியாகப் பெருக்கல் குறி போட்டிருக்கிறாள்! இப்படிப்பட்டவளையா கத்தினோம்! அவருக்குக் கண் கலங்கிவிட்டது. குழம்பில் காரமும் கொஞ்சம் தூக்கல்தான்.

"அந்த ரெண்டாவது தீர்மானம்..." என்றார் தணிந்த குரலில்.

"அது மத்தவங்க ரொம்பக் கேட்டுக்கினாங்க. நான் இன்னா பண்றது?"

"பரவால்ல வுடு. ரெண்டு மாசந்தானே" என்றார் வேதகிரி.

மறுநாள் விடிந்ததும் அந்தப் பித்தளைக் குடத்தைத் தானே எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு கிளம்பினார். அரை மைல் என்பது பத்திரத்தில் எழுதினால் இரண்டு சொல். காலால் நடந்தால் அது வேறு. ரோட்டுப் பம்பில் அவர் கூட்டாளிகள் ஏழு பேரும் குடத்தோடு முன்னாலேயே வரிசையில் நின்றார்கள். ஆனால் ஒருவர் முகத்திலும் வாட்டம் இல்லை. அதுதான் அவருக்கு விசித்திரமாகப் பட்டது.

கன்னியப்பன் பம்பை அடித்தபடி ஆரம்பித்தான். "தோத்தது தோத்தோம். ஆனா ஒன்னு அண்ணே. என் பொண்டாட்டி எனக்குத் துரோகம் பண்ணல. எதிர்ல விழுந்துச்சே அந்த ஒரு ஓட்டு, அது கஸ்தூரி போட்டது."

"யாரு சொன்னது?" என்றார் வேதகிரி.

"அவளேதான் சொன்னா. நேத்து சாப்பிடறப்ப."

"ஏய், அது எங்க வூட்டு ஓட்டுடா" என்றான் ஆனந்தன். "பாஞ்சாலி சத்தியம் பண்ணாத கொறையா சொன்னா."

வரிசையில் மூன்றாவதாக நின்றவன் வாயைத் திறந்து, ஏதோ சொல்ல வந்து, மூடிக்கொண்டான். நாலாவது ஆளும் அப்படியே. ஐந்தாவது ஆள் குனிந்து குடத்துக்குள் பார்த்தான். எட்டுப் பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பம்பு அடிப்பது நின்றுபோயிருந்தது. யாரும் சண்டை போடவில்லை. சண்டை போட்டு ஆராயலாம் என்றால் சீட்டும் இல்லை, சாம்பல்கூட வேப்பமரத்தடியில் காற்றோடு போயிருக்கும். கொளுத்தச் சொல்லி மனுக் கொடுத்தவர் யார் என்று ஏழு பேரும் ஒருசேர வேதகிரியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் குடத்தை நிரப்பிக்கொண்டு நடந்தார். வழியெல்லாம் ஒரே கேள்வி. வாசலில் குடத்தை இறக்கியதும் கேட்டுவிட்டார்.

"உண்ணாமல, அந்த ஒரு ஓட்டு நெசமா நீ போட்டதுதானா?"

"ஓட்டு ரகசியம்னு எழுதுனது யாரு?"

"நான்தான்."

"அப்ப சரியாத்தான் இருக்கும்" என்றாள் உண்ணாமலை. குடத்தை உள்ளே எடுத்துப் போய்ப் பானையில் சாய்த்து, வெறுங்குடத்தை அவர் கையில் திரும்பக் கொடுத்தாள். "இது சமையலுக்கு ஆச்சு. நீங்க குளிக்க இன்னும் ரெண்டு கொடம் வோணும். வெயிலு ஏறதுக்குள்ள போய்ட்டு வந்துடுங்க."

அன்றைக்கு வேதகிரி நாலு செம்பில் குளித்து முடித்தார்.